கரண்டி கொண்டு வரவும்

அக்டோபர் 6, 1997, திங்கள்

போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். மூச்சுக் காற்றிலேயே நோட்டு ஈரமாகிவிடும் போலிருக்கிறது.

ஹாஸ்கெல் சார் இன்று வரலாற்று வகுப்பில் ஒரு குண்டைப் போட்டார். அரசாங்கம் ஒரு காலத்தில் ரகசியமாக வைத்திருந்து, இப்போது வெளியே விட்டிருக்கும் உளவு வேலை அறிக்கை ஒன்றை ஒவ்வொருவரும் கடிதம் போட்டு வரவழைக்க வேண்டுமாம். நவம்பர் 21 பள்ளியில் வரலாற்று மாலை. அன்று பெற்றோர் முன்னால் அதை விளக்கிப் பேச வேண்டும்.

வகுப்பில் எல்லாருக்கும் குஷி. எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் என் அப்பா அந்த மாதிரி அறிக்கைகளைத்தான் ஆபீசில் உட்கார்ந்து படிக்கிறார். வெளியே தெரியக் கூடாத வரிகளைக் கறுப்பு மார்க்கரால் அடிக்கிறார். இதை எனக்குச் சொன்னது அம்மா. அம்மா சொல்லிவிட்டாள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. வீட்டில் அப்பா ஆபீஸ் பேச்சே எடுக்க மாட்டார். "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று அம்மா கேட்டால், "போச்சு" என்பார். அவ்வளவுதான்.

சார் கொடுத்த பட்டியலில் எல்லாமே அர்த்தமில்லாத சங்கேதப் பெயர்கள். நான் 'ஊதா ஏணி'யை எடுத்தேன், சிரிப்பாக இருந்ததால். என் தோழி ட்ரூடியும் அதையே எடுத்துக்கொண்டாள், நான் எடுத்ததால்.

அக்டோபர் 9, வியாழன்

கடிதம் போட்டாயிற்று. நான் தலைநகரக் காப்பகத்துக்கு. ட்ரூடி எங்கோ ஒரு முன்னாள் ஜனாதிபதியின் நூலகத்துக்கு. அங்கே அனுப்பினால் உறை அழகாக இருக்குமாம்.

அக்டோபர் 30, வியாழன்

வந்துவிட்டது. பதினோரு பக்கம். அதில் 4, 5, 6 முழுக் கறுப்பு. ஒரு எழுத்துகூட இல்லை, காற்புள்ளி கூட இல்லை.

மீதியிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். 1963இல் ஒரு தீவு நாட்டின் தலைநகரம் மேல் நம் ஆட்கள் விமானத்திலிருந்து துண்டு நோட்டீஸ் போட்டார்கள். அங்கிருந்த சர்வாதிகாரிக்கு எதிராக ஜனங்களைக் கிளப்பிவிடுவதற்காக. (நாட்டின் பெயர் என் பிரதியில் இருக்கிறது. ஆனால் எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.) பிறகு மூன்று கறுப்புப் பக்கம். பிறகு ஏழாம் பக்கத்தில் திடீரென்று, ராணுவம் வீடு வீடாகப் புகுந்து கரண்டிகளைப் பறிமுதல் செய்தது என்று வருகிறது.

கரண்டி. ஏன் கரண்டி?

சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். அப்பா காபியோடு வந்தார். குனிந்து பார்த்தார். அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன, முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"இத எதுக்கு எடுத்த ரோவி?"

"பேரு நல்லாருந்துச்சுப்பா."

"நல்ல பேரு நிறைய இருக்கே. 'வெள்ளி வாத்து' எடுத்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபியை வைத்துவிட்டே போய்விட்டார்.

அப்புறம்தான் பார்த்தேன். கறுப்புப் பக்கங்களின் ஓரத்தில், அடித்தவர் யார் என்று பென்சிலில் சின்னதாக ஒரு குறி. வெ.கோ. வெண்டெல் கோல்டர், என் அப்பா. என் மதிப்பெண் அட்டையில் போடுகிற அதே சுருள்வால் எழுத்து.

அக்டோபர் 31, வெள்ளி

ஹாலோவீன், எல்லாரும் வேஷம் போடும் நாள். ட்ரூடி வெள்ளைப் போர்வையில் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டு ரகசிய ஆவணமாக வந்தாள். எல்லாரும் வரிக்குதிரை என்றார்கள். "உங்களுக்கெல்லாம் பொது அறிவே இல்ல" என்று நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 5, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

ட்ரூடியின் உறையும் வந்துவிட்டது. அதே அறிக்கை, அதே பதினோரு பக்கம். ஆனால் அவளுடையதில் கறுப்படித்தது வேறு யாரோ. அந்த ஆள் நாட்டின் பெயரை அடித்திருக்கிறார், சர்வாதிகாரியின் பெயரை அடித்திருக்கிறார், வேலை செய்த அதிகாரிகளின் பெயரை அடித்திருக்கிறார். ஆனால் 4, 5, 6 பக்கங்களை அப்படியே விட்டுவிட்டார்.

பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துவைத்துப் படித்தோம். அவளுடையதில் இல்லாதது என்னுடையதில் இருந்தது. என்னுடையதில் இல்லாதது அவளுடையதில் இருந்தது.

நடந்தது இதுதான். விமானத்தில் ஏற்ற வேண்டிய பெட்டி மாறிவிட்டது. சர்வாதிகாரியை விரட்டு என்று ஸ்பானிய மொழியில் அச்சடித்த நோட்டீசுக்குப் பதிலாக, நான்காயிரம் சர்ச் நோட்டீஸ் அந்த ஊர்மேல் விழுந்திருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் ஒன்றை அப்படியே ஒட்டி வைத்திருந்தார்கள்:

'சனி மாலை ஆறு மணி. அவித்த பீன்ஸ் விருந்து. அனைவரும் வருக. கரண்டி கொண்டு வரவும்.'

இது சங்கேதம் என்று சர்வாதிகாரி முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்குப் புரட்சி, ஆயுதம் கரண்டி. ஊரில் இருந்த கரண்டிகளையெல்லாம் பிடுங்கி, பீன்ஸ் விற்றவர்களையெல்லாம் உள்ளே தள்ளி, தான் மட்டும் ஒரு கப்பலில் மூன்று நாள் ஒளிந்திருந்தார். நம் தலைமையகம் கடைசியில் எழுதியிருக்கிறது: 'விளைவு எதிர்பார்த்ததைவிட நன்று.'

ட்ரூடி சிரித்துச் சிரித்து சீட்டிலிருந்து கீழே விழுந்தாள். டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். நானும் சிரித்தேன். நோட்டீசின் கடைசி வரியைப் பார்க்கும்வரை.

'பொறுப்பு: மிஸ் ஐடா கோல்டர்.'

ஐடா அத்தை. அப்பாவின் அக்கா. வெர்ஜீனியாவில் இன்னும் அதே சர்ச்சில் அதே பீன்ஸ் விருந்தை நடத்துகிறவள்.

"கோல்டர்னா, உங்க கோல்டராடி?" என்றாள் ட்ரூடி.

உலகத்தில் எத்தனையோ கோல்டர் என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, பின்னால் விளக்குப் போட்டு, வரலாற்று மாலையில் காட்டப் போகிறாளாம். முதல் பரிசு நமக்குத்தான் என்கிறாள்.

நவம்பர் 6, வியாழன்

தூக்கம் இல்லை. பெட்டியை மாற்றியது அப்பாதான். வேறு யாரிடம் ஐடா அத்தையின் நோட்டீஸ் பெட்டி இருந்திருக்கும்? முப்பத்து நாலு வருஷம் கழித்து அந்த அறிக்கை அவர் மேசைக்கே வந்திருக்கிறது. அவர் கறுப்படித்துவிட்டார்.

நாட்டுக்கு ஆபத்து என்றால்தான் மறைக்கலாம், மானம் போகும் என்பதற்காக மறைக்கக் கூடாது, அதுதான் சட்டம் என்று ஹாஸ்கெல் சார் சொன்னார். அப்போது நான் அதைக் குறிப்பெடுத்துக்கூட வைத்தேன்.

ட்ரூடி அதை மாட்டினால் அப்பாவுக்கு வேலை போகும். ஜெயிலா? ஜெயிலும் இருக்குமோ?

நவம்பர் 7, வெள்ளி

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால்? ஜாக்கிரதையாக எழுதுகிறேன்.

இன்று ████ என்னிடம் ████ பற்றிக் கேட்டாள். நான் ████ என்று சொல்லிவிட்டேன். அவள் ████████ என்றாள். அது மட்டும் நடந்தால் ████.

நவம்பர் 8, சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கே தெரியவில்லை. மார்க்கர் மறுபக்கத்திலும் ஊறி, சர்வாதிகாரி கப்பலில் ஒளிந்ததை எழுதிய வரியைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இனிமேல் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டுக்கு எதிரே வெள்ளை வேன் ஒன்று காலையிலிருந்து நின்றது. ஜன்னலுக்குக் கீழே இரண்டு மணி நேரம் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேபிள் டிவி இழுக்க வந்தவர்களாம்.

நவம்பர் 12, புதன்

திருடிவிட்டேன். ட்ரூடியின் பையிலிருந்து அறிக்கை இருக்கும் நீல ஃபைலை எடுத்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு வந்தேன். கழிவறையில் திறந்து பார்த்தால் அது அந்த ஃபைல் இல்லை. அவளுடைய கணக்குப் பரீட்சைத் தாள்கள். எல்லாவற்றிலும் மதிப்பெண் இருந்த இடம் கறுப்பு.

நவம்பர் 13, வியாழன்

ஃபைலைத் திருப்பிக் கொடுத்தேன். உண்மையையும் சொல்லிவிட்டேன். அப்பா, பெட்டி, வேலை, எல்லாம். அழுதேன் கூட.

ட்ரூடி ஃபைலைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். இரண்டு பிரதியையும் மாட்டுவது அவளுக்குப் பெரிய சாதனை. கடைசியில், "மார்க்க பாத்தியா?" என்றாள். பார்க்க முடியவில்லை என்றேன். "அப்ப சரி. உங்கப்பா மாட்டச் சொன்னா மாட்டுறேன். வேணாம்னா மாட்டல. ஆனா நீதான் கேட்டுச் சொல்லணும், நான் கேட்க மாட்டேன்."

நான் எப்படிக் கேட்பேன்?

நவம்பர் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

அப்பா முற்றத்தில் இலை வாரிக்கொண்டிருந்தார். நானும் ஒரு வாரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். பத்து நிமிஷம் ஒரே இலையை வாரினேன். பிறகு, ஐடா அத்தை விருந்து நோட்டீசை எங்கே அச்சடிப்பாள் என்று கேட்டேன்.

அப்பாவின் வாரி நின்றுவிட்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பிரதி வந்ததையும் பஸ்ஸில் படித்ததையும். அவர் இலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அடியில் ஈரம்.

அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதாம். பெட்டியை விமான நிலையத்தில் சேர்ப்பதுதான் வேலை. அதே காலையில் அத்தையும் அச்சகத்திலிருந்து தன் பெட்டியை எடுத்துவரச் சொல்லியிருந்தாளாம். கார் டிக்கியில் இரண்டும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. புரட்சிப் பெட்டி சர்ச்சுக்குப் போய்விட்டது.

"அங்க யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. சோப்பு விளம்பரம்னு நினைச்சிட்டாங்க. விருந்துக்கு ஒருத்தர்கூட வரல. அக்கா அண்டா நிறைய பீன்ஸோட தனியா உட்கார்ந்திருந்தா. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருந்தேன் இல்ல?"

அது எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

அந்த அறிக்கை மேசைக்கு வந்ததும், இது என் சம்பந்தப்பட்டது என்று சொல்லி வேறு ஆளிடம் தள்ளியிருக்க வேண்டுமாம். "ஆயிரக்கணக்கான பக்கம் அடிச்சிருக்கேன் ரோவி. எல்லாம் நாட்டுக்காக. இந்த மூணு மட்டும் எனக்காக." பிறகு விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

நான் வேண்டாம் என்று கத்தினேன். ட்ரூடி மாட்டமாட்டாள், யாருக்கும் தெரியாது என்றேன்.

"உனக்குத் தெரியுமே" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

அப்பா பதினொன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தால் அப்பா மசாலாப் புட்டிகளை அகர வரிசையில் அடுக்கிவிட்டிருந்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

வரலாற்று மாலை. அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மாட்டச் சொல்லிவிட்டார் என்று ட்ரூடியிடம் முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு பிரதியும் பக்கத்தில் பக்கத்தில், பின்னால் விளக்கு. கூட்டம் அங்கேதான். ஒரு தாத்தா கரண்டி வரியைப் படித்துவிட்டு மூச்சு முட்டச் சிரித்து, தண்ணீர் கேட்டார். நான் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நோட்டீசின் கடைசி வரியில் 'கோல்டர்' என்ற இடத்தில் ட்ரூடி ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டியிருந்தாள். நான் கேட்கவே இல்லை. அவளாக ஒட்டியது.

அப்பாவும் பார்த்தார். பிறகு நகத்தால் அந்த நாடாவை மெதுவாக உரித்து, உருட்டி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பெட்டிய மாத்திக் கொடுத்தது நான்தான்" என்றார், பொதுவாக எல்லாரையும் பார்த்து.

அந்தத் தாத்தாதான் முதலில் கை நீட்டினார். "அந்தச் சண்டாளன கப்பல்ல ஒளிய வெச்சது நீயாப்பா?"

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாரோ கொண்டுவந்து வைத்திருந்த பழைய ராணுவ பூட்சுக்கு.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் (தேங்ஸ்கிவிங்) விருந்து. ஐடா அத்தை வந்திருந்தாள். வான்கோழியை அறுப்பதற்கு முன்பே அப்பா எழுந்து நின்று பெட்டிக் கதையைச் சொல்லிவிட்டார், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே. அம்மா அந்தக் கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

அத்தை முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முப்பத்து நாலு வருஷமா, உப்பு கம்மியா போட்டுட்டேன் போலன்னு நினைச்சிட்டு இருக்கேன்டா நான்" என்றாள். "ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்தேன்."

அத்தையின் பீன்ஸ் ஏன் கடல்தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தாள். அப்பாவோடு சாப்பாடு முடியும்வரை பேசவில்லை. போகும்போது மட்டும் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பலமாகத்தான்.

டிசம்பர் 19, வெள்ளி

ஆபீசிலிருந்து கடிதம். அப்பா அதைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்தபடி போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் படிக்கலாமா? படித்தேன்.

கண்டனம். சம்பளத்தில் ஒரு படி குறைப்பு. இனிமேல் எந்தப் பக்கத்தையும் கறுப்படிக்கக் கூடாது. ஜனவரியிலிருந்து, வெளியான ஆவணங்களைக் கேட்டு வரும் ஜனங்களுக்கு எடுத்துக் கொடுக்கும் மேசையில் உட்கார வேண்டும். ஜெயில் என்ற வார்த்தை எங்கும் இல்லை. மூன்று முறை தேடிவிட்டேன்.

ஜனவரி 5, 1998, திங்கள்

அப்பாவுக்குப் புது மேசையில் முதல் நாள்.

சாப்பிடும்போது அம்மா உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, பழக்க தோஷத்தில், இன்னைக்கு எப்படிப் போச்சு என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உப்பை எடுக்கத் திரும்பிவிட்டாள்.

அப்பா சொல்ல ஆரம்பித்தார். காலையில் வந்த ஆள் நீர்மூழ்கிக் கப்பல் ஃபைல் கேட்டது, இவர் வேறு கப்பலை எடுத்துக் கொடுத்தது, ஸ்டேப்ளர் சிக்கியது, அதைச் சரிசெய்ய வந்தவர் மறுபடி சிக்கவைத்தது. ஸ்டேப்ளர் மட்டுமே முக்கால் மணி நேரம் போயிற்று. உலகத்திலேயே இவ்வளவு சலிப்பான கதையை நான் கேட்டதில்லை.

எழுந்து போகலாம் என்று பார்த்தேன். அம்மா உப்புப் புட்டியைக் கையில் பிடித்தபடி, மோவாயில் கை ஊன்றி, கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்புறம்?" என்றாள்.

நானும் உட்கார்ந்துவிட்டேன்.