புகை அலாரத்துக்குள் ஒரு கண்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்பு. முதுகுவலி இப்போது தேவலையா?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டாயாமே! பாப்பா படம் வரைய கிரிட்டா, பாட்டுக்கு விஎல்சி போதும். என் செல்லம் வயர்ஷார்க்தான். வைஃபையில் எந்தக் கருவி எங்கே பேசுகிறது என்று காட்டிவிடும்.

போன வாரம் இங்கே கம்பெனி கொடுத்த அறையில் சும்மா ஓட்டிப் பார்த்தேன். எங்களுடையது அல்லாத ஏதோ ஒன்று ஓயாமல் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தது. தேடினால், புகை அலாரத்துக்குள் கேமரா!

சூப்பர்வைசரிடம் சொன்னேன். சிரித்தார். "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்ப்பா. ஆமா, நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

மறுநாளே என் லேப்டாப்பையும் போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பயப்படாதே, சாப்பாடு ஒழுங்காக வருகிறது. பாப்பா வரைந்த படம் ஒன்று அனுப்பு, சுவர் வெறுமையாக இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கொடுக்கிறேன். அவருக்கு வண்டி வந்துவிட்டது. இனிமேல் கம்பெனி போனில்தான் பேச முடியும். அதில் நான் "சௌக்கியமா இருக்கேன்"னு சொன்னால் நம்பாதே.

பாப்பாவின் அப்பா