உள்ளங்கால் மச்சம்

பிப்ரவரி 8, சனி

காலை நடையில் எழில் என்னை முந்திவிட்டாள். வனக்காப்பாளர் எழுத்துத் தேர்வில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தேறினோம். இனி நடைத் தேர்வுதான் பாக்கி. மார்ச் 9. பதினாறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். செஞ்சிக் கோட்டையைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது அவள்தான் பார்த்தாள். "இன்னாடி இது, கால்ல தாரு ஒட்டியிருக்குது?"

தார் இல்லை. மச்சம். இடது உள்ளங்காலில் சின்ன வயதிலிருந்து கடுகு மாதிரி இருந்ததுதான். இப்போது வேர்க்கடலைப் பருப்பு அளவு. எப்போது வளர்ந்தது? உள்ளங்காலை யார் தினமும் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 9

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து தோல் டாக்டர் அமிர்தவல்லி செஞ்சிக்கு வருகிறார். சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஓரம் ஒழுங்காக இல்லையாம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. மொத்தமாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"கேன்சரா மேடம்?"

"பாத்த உடனே சொல்லிட முடியாதும்மா. அதுக்குத்தான் எடுக்கணும்."

எடுத்தால் காலை நன்றாக ஊன்றி நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். நடைத் தேர்வைச் சொன்னேன். அது முடிந்த பிறகு எடுக்கலாமா?

"அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆகிடும்னும் சொல்ல மாட்டேன்."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பிப்ரவரி 10

வீட்டில் சொன்னேன். அம்மா, "வேல போனா போவுது, நாளைக்கே போய் எடுத்துடு" என்றாள். நைனா மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "இத்தினி வருசமா இருந்தது ஒரு மாசத்துல இன்னா பண்ணிடப் போவுது? நடந்து முடிச்சிட்டு எடுத்துக்கலாம்." பிறகு என்னை விட்டுவிட்டு இருவரும் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது.

பிப்ரவரி 12

எதிர்வீட்டு ராஜாம்பாள் அக்கா சொல்கிறார்: "உள்ளங்கால்ல மச்சம் இருக்கிறவங்க ஊர் ஊரா சுத்துவாங்க. காட்டு வேல உனக்குத்தான்னு இருக்குது. அதப் போய் வெட்டுவியா?" சிரித்துவிட்டு வந்தேன். வந்து, கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தவள் நான். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 13

நடைத் தேர்வுத் தேதியை மாற்ற முடியுமா என்று தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். முடியாது.

பிப்ரவரி 16

வல்லம் ரோட்டில் முழு தூரமும் நடந்தோம். நேரத்துக்குள் முடித்துவிட்டேன்! சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். மச்சத்தின் ஓரத்திலிருந்தா, பக்கத்தில் ஷூ கடித்த கொப்புளத்திலிருந்தா? துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். "கொப்புளம்தான்டி" என்றாள் எழில். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தெரியல வெண்மதி" என்றாள்.

எங்க இருந்து வந்தா இன்னா, ரத்தம் ரத்தம்தான? இல்ல — கொப்புளம்னா ஒண்ணுமே இல்லயே. ஏன் இப்படி ஒரே இடத்துல நின்னுக்கினு இருக்கேன்?

பிப்ரவரி 18

கட்டுத்துணி வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அரிகிருஷ்ணன், "கால் எப்படிம்மா இருக்குது? உங்க நைனா போட்டோ காட்டினாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தூங்கும்போது நைனா எடுத்திருக்கிறார். டீக்கடையில், நெல் வியாபாரிகளிடம், எல்லாரிடமும் காட்டியிருக்கிறார்.

நேராகக் கமிட்டிக்கே போனேன். "என் கால ஊரு பூரா காட்டுவியா நைனா?"

மூட்டைகளுக்கு நடுவே தலையெல்லாம் நெல்தூசியோடு நின்றார். "யாராச்சும் ஒண்ணும் இல்லன்னு சொல்லுவாங்களான்னு பாத்தேம்மா."

"சொன்னாங்களா?"

"எல்லாருந்தான் சொன்னாங்க. எனக்குத்தான் நம்பிக்க வரல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடந்துட்டு வான்னு நான்தான் சொன்னேன். இப்ப எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லு."

எடுத்துடறேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிப்ரவரி 24

புதுச்சேரி. எடுத்தாகிவிட்டது. வெட்டியது தெரியவில்லை, மரத்துப்போகப் போட்ட ஊசிதான் உயிரை எடுத்தது.

மார்ச் 9

எழில் இந்நேரம் நடந்துகொண்டிருப்பாள்.

மாலையில் போன் செய்தாள். தேறிவிட்டாள். அழுதாள். எனக்காகவா, சந்தோஷத்திலா என்று கேட்கவில்லை.

மார்ச் 14

ரிப்போர்ட் வந்தது. கேன்சர் இல்லை. ஆனால் சாதாரண மச்சமும் இல்லை. செல்கள் மாறத் தொடங்கியிருந்தனவாம். முழுதாக எடுத்தாகிவிட்டது, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர்.

"விட்டிருந்தா மேடம்?"

"சில பேருக்கு கேன்சரா மாறும். சில பேருக்கு கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும்."

"ஒரு மாசம் தள்ளியிருந்தா?"

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா."

நைனா டாக்டர் அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரைக் கைபிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேன்சர்னே வந்திருந்தா, வேலைய விட்டதுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்னு நெனச்சேன். நெனச்சேன்தான். சீ, எப்படி நெனப்பு வருது!

ஏப்ரல் 2

ஊன்றினால் வலிக்கிறது. அம்மா கேட்டால் இல்லை என்கிறேன்.

ஜூலை 21

புதுச்சேரி போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். காலில் புதிதாக ஒன்றும் இல்லை. பஸ் ஊருக்குள் வருவதற்கு முன்பே ஒரு ஸ்டாப்பில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், நிறைய இடங்களில் நின்று நின்று.

நைனா வாசலில் இருந்தார். "இன்னா இவ்ளோ நேரம்?"

"நடந்து வந்தேன்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டார். பிறகு, "எழிலு அன்னிக்கு எவ்ளோ நேரத்துல முடிச்சுது?" என்றார்.

சொன்னேன்.

"உன்னால முடியுமா?"

"இப்ப எங்க நைனா முடியும்?"

"இப்பன்னு யாரு கேட்டா?" என்றார்.