குவாட்டரால் திருப்பிய சிவப்புப் புள்ளி

என் அன்புக்குரிய இஞ்சருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் வரமாட்டேன் என்கிறது. ஸ்காபரோவில் குளிர் விட்டுவிட்டது. ஊரில் போர் முடிந்து ஒரு வருடமாகப் போகிறது. என் தங்கை முகாமிலிருந்து வெளியே வந்து மகளுடன் வவுனியாவில் இருக்கிறாள். அவளுடைய கணவரைப் பற்றித்தான் இன்னும் ஒரு தகவலும் இல்லை.

உங்கள் துவக்கைக் கொடுத்துவிட்டேன். பதறாதீர்கள், டேவுக்குத்தான். உங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்து, வசந்தம் வந்தால் வான்கோழி வேட்டைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போகிற அதே டேவ். வேட்டைக் காலம் தொடங்குமுன் குறி சரியா என்று சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்றேன். மனுசன் திகைத்துப் போனார். அந்தச் சனியன் பிடித்த சாமானில் அப்படி என்னதான் இருந்தது என்று எனக்கு அறிய வேண்டும்.

என் கோபம் உங்களுக்குத் தெரியும். போன வசந்தத்தில், தங்கை குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் நான் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். நீங்கள் வேட்டை உடுப்பை வெளியே எடுத்து வைத்தீர்கள்.

"அங்க சனம் சாகுது. நீங்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு போறியளோ?"

"டேவுக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டனப்பா."

அவ்வளவுதான். பிறகு குசினி மேசையில் துவக்கை வைத்து, கையில் ஒரு குவாட்டர், அதுதான் இருபத்தைந்து சதக் காசோடு குனிந்திருந்தீர்கள். "என்ன செய்யிறியள்?" என்று கேட்டதற்கு, "சும்மா, சரிபாக்கிறன்" என்றீர்கள். அடுத்த நாள் வெறுங்கையோடு வந்தீர்கள். முந்திய வருடங்களில் அப்படி வந்ததே இல்லை. அந்த இறைச்சியோடு பிரஷர் குக்கரில் மல்லுக்கட்டியவள் நான் அல்லவா? இலையுதிர் காலத்தில் நெஞ்சு நோகுது என்று படுத்தீர்கள், எழும்பவில்லை. கோபத்தை யாரிடம் காட்டுவது?

ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் டேவின் தமையனுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. வான்கோழித் தலை கீறிய கடதாசியைப் பலகையில் குத்திவிட்டு, துவக்கின் மேலிருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கச் சொன்னார். அடடா, உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி! குங்குமப் பொட்டு மாதிரி. புள்ளி எங்கே நிற்கிறதோ, அங்கேதான் சன்னங்கள் போய்ச் சேர வேண்டுமாம்.

டேவ் துவக்கை மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டார். காதுக்கு மூடி போட்டிருந்தும் சத்தத்துக்கு நான் குந்திவிட்டேன். ஊரில் குண்டுக்குக் குந்திய பழசை உடம்பு மறக்கவில்லை. எழும்பிப் பார்த்தால் கடதாசித் தலையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பலகையின் வலது விளிம்புதான் பிய்ந்திருந்தது. திரும்பவும் சுட்டார். அதே இடம்.

டேவ் தலையைச் சொறிந்தார். கண்ணாடியைப் பூட்டிய ஆணிகளை அசைத்துப் பார்த்தார், எல்லாம் இறுக்கம். போன வருடம் நீங்கள் இருவரும் இதே இடத்தில் சுட்டுப் பார்த்தபோது அச்சொட்டாக இருந்ததாம். கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்த சின்ன மூடியைக் கழற்றி, புள்ளியை நகர்த்தும் திருகாணியைக் காட்டினார். தானாக இவ்வளவு தூரம் நகராது, யாரோ திருப்பியிருக்க வேண்டும் என்றார்.

எதனால் திருப்புவது என்று கேட்டேன்.

ஒரு குவாட்டர் போதும் என்றார்.

போன வேட்டையில் என்ன நடந்தது என்று டேவிடம் கேட்டேன். பெரிய வான்கோழிச் சேவல் ஒன்று கிட்ட வந்து நின்றதாம். நீங்கள் சுட்டீர்களாம், அது பறந்துவிட்டதாம், நீங்கள் சிரித்தீர்களாம். கடைசிவரை அதைச் சொல்லி டேவ் உங்களைப் பகிடி பண்ணினாராம்.

ஏனப்பா? கொல்ல மனமில்லை என்றால் போகாமல் இருந்திருக்கலாமே. டேவிடம் சொல்ல வெட்கமா? நான் கத்தியதாலா, அல்லது நான் கத்துமுன்பே உங்கள் மனதில் அது இருந்ததா? என்னிடமாவது வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

உங்கள் குவாட்டரைப் பற்றி டேவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் இங்கே எழுதலாம். என் கைப்பையிலிருந்து ஒரு குவாட்டரை எடுத்து, நான் திருப்பவா என்று கேட்டேன். துவக்கைத் திறந்து, வெறுமையாக இருக்கிறது என்று காட்டிவிட்டுத் தந்தார். அரைகுறையாகப் பட்டால் பறவை கிடந்து வதைபடும். அது உங்களுக்கும் பிடிக்காது. டக், டக் என்று ஒவ்வொரு திருப்புக்கும் விரலில் தட்டியது. அன்றைக்குக் குசினியிலும் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். ரேடியோ சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

டேவ் சுட்டார். கடதாசித் தலை சல்லடையாகிவிட்டது.

கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பாதி போயிருக்கிறது. அந்தக் குவாட்டர் உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கிறது, செலவழிக்கமாட்டேன். தங்கை இப்போது தொலைபேசியில் அதிகம் பேசுவதில்லை. முன்பென்றால் ஏன் பேசுகிறாயில்லை என்று அவளோடும் சண்டை பிடித்திருப்பேன். இனிப் பிடிக்கமாட்டேன். ரேடியோவை நிறுத்திவிட்டு, அவள் பேசாமல் இருக்கிறதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களோடு கோபிக்க இன்னும் உரிமையுள்ள மனிசி,
வதனா