அறிவுரை சொல்லக் கூடாது

ஆகஸ்ட் 3

உளவியல் மூன்றாம் ஆண்டில் நாங்கள் மொத்தம் ஏழு பேர். ஒருவருக்கொருவர் ஆலோசகராக நடித்துப் பழகி, எல்லாருடைய அழுகையும் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் இந்தச் செய்முறைத் தேர்வுக்கு வெளியாள் ஒருவரைக் கூட்டிவர வேண்டுமாம். அவர் ஏதாவது பிரச்சினையைக் கற்பனை செய்து சொல்வார், நாம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அறிவுரை சொன்னால் மார்க் போச்சு.

பஸ்ஸில் நின்றே வந்தேன். முதுகு விட்டுப்போகிறது.

ஆகஸ்ட் 5

அம்மாவிடம் பழகிப் பார்த்தேன். "காலையிலேர்ந்து நின்னு நின்னு காலே இல்லை" என்றாள். பாடத்தில் உள்ளபடி, "உங்களுக்கு ரொம்பக் களைப்பா இருக்கு" என்றேன்.

"என்னடி புதுசா மரியாதை? அதைத்தானே நானும் சொன்னேன். வந்து பாத்திரத்தைத் தேய்."

தேய்த்தேன். இந்தப் படிப்பால் இதுவரை விளைந்த ஒரே பயன்.

ஆகஸ்ட் 6

அக்கா போன். கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனவள், இப்போதெல்லாம் தினமும் கூப்பிடுகிறாள். "உங்க பக்கம் துணி சோப்பு என்ன விலைடி? பிளாஸ்டிக் வாளி?" எனக்கு எப்படித் தெரியும்? ம்ம், ம்ம் என்று சொல்லிக்கொண்டே புள்ளியியல் கணக்கைப் போட்டேன். கணக்கும் தப்பு.

ஆகஸ்ட் 9

தூக்கம்.

ஆகஸ்ட் 12

வெளியாளாக அக்காவே வந்தாள். பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் கட்டியவள். எங்கள் ஆலோசனை அறை என்பது பழைய பெஞ்சுகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி, சுவரில் மூளைப் படம். பதிவை ஆரம்பித்தேன்.

"என் வீட்டுக்காரர் பேசறதில்லைங்க. சண்டையெல்லாம் இல்லை. எப்பவோ ஏதோ கோபம், அப்படியே பேச்சை நிறுத்திட்டார். சாப்பாடு வெச்சா சாப்பிட்டுட்டு எழுந்துடுவார். நான் கடைக்குப் போய் வாங்காத சாமானுக்கெல்லாம் விலை கேட்பேன். கடைக்காரங்க பதில் சொல்லித்தானே ஆகணும்."

"யாராவது பதில் சொன்னாப் போதும்னு இருக்கு உங்களுக்கு."

என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சரியாப் பண்ணினேனா?" என்றாள்.

பிரமாதம் என்றேன். எங்கிருந்துதான் இவளுக்கு இதெல்லாம் தோன்றுகிறதோ.

ஆகஸ்ட் 19

வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். எதற்கெடுத்தாலும் "அப்புறம்?" என்று கேட்பதால் அப்புறம் மேடம் என்று பெயர் வாங்கிய எங்கள் ஆசிரியை, இன்று முழு வாக்கியமே பேசினார். "ஒரு இடத்துலகூட நீ அறிவுரை சொல்லலை. அந்த மௌனத்தையும் கெடுக்கலை. உங்க அக்கா என்னமா நடிக்கிறாங்க."

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

சாயங்காலம் அக்கா போன். "ஜன்னல் துணி மீட்டர் என்ன விலைடி அங்கே?"

என் பேனா நின்றுவிட்டது.

"வாங்கப் போறியா?"

"இல்லை, சும்மா."

"மாமா வீட்லதான் இருக்காரா? உன்கிட்ட பேசறாரா?"

அப்புறம் மெதுவாக, "அன்னைக்கே சொன்னேனே" என்றாள்.

ஐயோ. சொன்னாளே. எதிர்ல உக்காந்து சொன்னா. நான் பிரமாதம்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கு மார்க்கு வேற — எனக்கு காது எதுக்கு?

பாடப்படி செய்யக் கூடாததைச் செய்தேன். அறிவுரை சொன்னேன். "உன் துணிமணியை எடுத்து வை. நாளைக்கு வரேன். நீ இங்க வந்துடு."

ஆகஸ்ட் 21

மாமா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "அக்காவைக் கூட்டிட்டுப் போறேன், மாமா" என்றேன். பக்கத்தைத் திருப்பினார். எத்தனை நாளைக்கு என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா வாசலில் பையோடு கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 23

"நாலு நாள்ல சரியாயிடும்" என்கிறாள் அம்மா. அக்கா தலையை ஆட்டவில்லை.

செப்டம்பர் 2

அக்கா பேசுகிறாள். பாத்திரம் தேய்க்கும்போது பேசுகிறாள், நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பேசுகிறாள். நாளைக்குப் பரீட்சை. தலை வலி. ஒரு பக்கம்கூட ஓடவில்லை. மாடி வீட்டுப் பூனை எதையோ கவ்விக்கொண்டு போன கதையை ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"படிக்கிறியா? நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

புத்தகத்தை மூடினேன். "அப்புறம்?" என்றேன். பூனைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.