கதவில் இரண்டு பெயர்

அன்பு மகன் ஹேமிஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மா நலம். நம் நாய் ஜிஞ்சரும் நலம், இந்த வயதிலும் வண்டியின் பின்தட்டில் ஒரே தாவலில் ஏறிவிடுகிறது. நான் நலமாகிக்கொண்டிருக்கிறேன். உன் நலம்தான் எங்களுக்குத் தெரியவில்லை. போன வாரம் இங்கே மழை பெய்தது, தொட்டி நிறையும் மழை இல்லை, தூசி அடங்கும் மழை. நம் தீவனக் கடையில் வைக்கோல் வந்து இறங்கிய அன்றே தீர்ந்துவிடுகிறது. நம் ஊர்க் கால்பந்து அணி மறுபடியும் தோற்றது, உன் இடத்தில் ஆடுகிறவனுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வந்தவர்கள்தான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா ஆப்ரிகாட் ஜாம் போட்டிருக்கிறாள், உனக்கு இரண்டு பாட்டில் தனியாக அனுப்புவாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

ஷேன் அம்மாவிடம் பேசினான், அவன்மேல் கோபப்படாதே, உன்னோடு ஒரே வீட்டில் இருப்பவன் வேறு என்ன செய்வான். சுரங்க வேலை முடிந்து வந்து காரை வாசலில் நிறுத்திவிட்டு நீ இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம், ஒரு பாட்டுக்கூடப் போடாமல். உன் படகின் மேல் போட்ட தார்ப்பாயை எடுத்தே பல மாதம் ஆகிறதாம். அவன் வந்து கண்ணாடியைத் தட்டினால், ஒண்ணுமில்லடா, போன்ல பேசிட்டிருந்தேன் என்கிறாயாம், போன் வீட்டுக்குள் மேசைமேல் கிடக்கிறதாம். இதைக் கேட்டு அம்மா பயந்துபோனாள். எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது, ஏனென்றால் நீ உட்கார்ந்திருக்கிற இடம் எனக்குத் தெரிந்த இடம், தெரியும் என்று உன்னிடம் சொல்லாமல் இருந்தவன் நான்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். ஒரு பழைய லாரியில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் விற்றவன், வேண்டாம் என்று கதவைச் சாத்தியவனிடம் ஜன்னல் வழியாகப் பேசி விற்றவன். அந்த நான் போன கோடையில், பெர்ட் ஷூபர்ட் கோழித் தீவனம் வாங்க வந்தபோது, கொட்டகையில் கரும்புப்பாகு டிரம்களுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டேன். ஏய் நெவ், கடையைத் திறந்து போட்டுட்டு எங்கய்யா போய்த் தொலைஞ்சே என்று அவன் கத்துகிறான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் எனக்கு ஒரு வம்பும் இல்லை. மழை பொய்த்த பிறகு தீனி போட வழியில்லாமல் ஆடுகளைச் சுட்டுக்கொன்று குழியில் தள்ளிவிட்டு வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தொடங்கியது, கடைசியில் கடை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஒளிய இடம் தேடும் அளவுக்கு வந்துவிட்டது. அம்மா எல்லாவற்றையும் அலுவலக ஜன்னலில் பார்த்திருக்கிறாள். கோழித் தீவனம் கேட்டு வந்தவனுக்கே இப்படிப் பதுங்குறியே நெவ், நாளைக்கு யானைக்குத் தீவனம் கேட்டு ஒருத்தன் வந்தா டிரம்முக்குள்ளயே இறங்கிடுவியா என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மனதுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் எப்போது போக வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் அதையே கேட்டுக் கேட்டு நாளைக் கடத்தினேன். மனம் சரியில்லாத நாள் எல்லோருக்கும் வரும், போகும். வந்தது போகாமல் வாரக்கணக்கில் குடியிருந்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்து, விரும்பிச் செய்த காரியத்தைக் கண்டே ஓட வைத்தால், அதற்குப் பிறகும் காத்திருப்பதில் எந்த வீரமும் இல்லை. இன்னும் மோசமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைக்காதே, நான் நினைத்துக் கெட்டேன்.

கெட்டது அதோடு நிற்கவில்லை. ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று கடற்கரைப் பக்கம் வெகுதூரத்தில் ஒருவரைப் பிடித்தேன், தூரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. வாழ்க்கை வழிகாட்டி என்று பெரிய பலகை, உள்ளே ஊதுவத்திப் புகை. என்னைப் பேசவிடாமல் தன் விவாகரத்துக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார், நிச்சயமாகக் குணமாகும் என்று சத்தியம் செய்தார், டாக்டரிடம் போகவே வேண்டாம் என்றார், எல்லா அமர்வுக்கும் இன்றே கட்டிவிடுங்கள் என்றார், கட்டினேன். ஓர் ஆட்டுக்கடா வாங்கினால்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற நான், அவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் வந்துவிட்டால் வியாபாரிக்குக் கண் அவிந்துபோகிறது மகனே. ஆலோசகர், வழிகாட்டி என்றெல்லாம் இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், உளவியலாளர் என்று மாட்டத்தான் பதிவு வேண்டும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

அப்புறம் அம்மா என்னை நம் டாக்டரிடமே இழுத்துப் போனாள். அவர் ரத்தம் சோதித்தார், நிறையக் கேட்டார், ஒரு சிகிச்சைத் திட்டம் எழுதிக் கொடுத்தார், அது இருந்தால் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. ஒரு செவ்வாய் விட்டு மறு செவ்வாய் நம் ஊருக்கு வருகிற டெலியா மக்ரோரி என்ற உளவியலாளரிடம் அனுப்பினார், பேக்கரிக்குப் பக்கத்தில் நீலக் கதவு. இந்தத் தடவை நான் வியாபாரியாகப் போனேன். பண்ணைக்காரர்களோடு பழக்கம் உண்டா, என்ன செய்யப் போகிறோம், பலன் தெரிகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது, நான் சொல்வது யார் காதுக்கெல்லாம் போகும் என்று கேட்டேன். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் வெளியே பேச வேண்டியிருக்கும், மத்தது இந்தச் சுவரைத் தாண்டாது, ஒத்து வரலைன்னா சொல்லுங்க, வேற நல்ல ஆள நானே காட்டுறேன் என்றார். சரக்கில் நம்பிக்கை உள்ளவர்தான் பக்கத்துக் கடையைக் காட்டுவார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் வெட்கம் விடவில்லை. வண்டியைக் கோதுமைக் குதிர்களுக்குப் பின்னால் மறைத்து நிறுத்திவிட்டு, ஜிஞ்சரைப் பின்தட்டில் கட்டிப்போட்டுவிட்டு, ஏதோ ரொட்டி வாங்கப் போகிறவன் போல நடப்பேன். அது கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு மோப்பம் பிடித்து வந்து நீலக் கதவுக்கு முன்னால் நடைபாதையில் நீட்டிப் படுத்துக்கொள்ளும். பேக்கரிக்கு வந்த ஊரே அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. நம் ஊரில் ஆளைத் தெரியாதவனுக்கும் ஆளுடைய நாயைத் தெரியும், இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதுக்கடையில் பெர்ட் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஏன் நெவ், உன் நாய்க்கு மனசுல என்ன குறை, அந்தம்மா வர்ற செவ்வாயெல்லாம் வாசல்ல காத்துக் கிடக்குதே என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, அவர் வந்த அடுத்த செவ்வாய் போகவும் இல்லை.

அதற்குப் பிறகு பெர்ட் கடைக்கு வந்தான். நான் ஒளியவில்லை, ஒளிய நேரம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. ஒன்றும் வாங்காமல் தராசைத் தட்டிக்கொண்டு நின்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, நெவ், அந்தப் பொம்பளை வெளியே சொல்லுமா என்றான். சொல்லாது பெர்ட், சொன்னது நாய்தான் என்றேன். அவன் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவன் வாய்க்குப் பயந்தா ஒரு தடவையை விட்டேன் என்று எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது. மறுபடி போனேன்.

இப்போது உனக்கு. அங்கே ஒரு டாக்டரிடம் நீண்ட நேரம் வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய், காரில் உட்கார்ந்திருப்பதை அப்படியே சொல். அவர் காட்டும் ஆளிடம் நான் கேட்டதையெல்லாம் கேள், கூச்சப்படாதே. பக்கத்தில் ஆள் இல்லை என்றால் போனிலும் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று முறை போயும் பேச்சு ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்று, போவதை நிறுத்தாதே. உயிரோடு இருக்க வேண்டாம் என்று என்றாவது தோன்றியதா என்று டெலியா என்னிடம் நேராகக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அதே கேள்வியை உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் கேட்பேன், உண்மையைச் சொல், நானும் என் பதிலைச் சொல்கிறேன். அதற்குள்ளேயே அப்படித் தோன்றினால் யாரிடமும் நேரம் வாங்கக் காத்திருக்காதே, ஷேனை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போ, எந்த நேரமானாலும் எனக்குப் போன் அடி, விமானம் பிடித்து வந்துவிடுவேன்.

ஒன்று உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். போன செவ்வாய் வண்டியைக் குதிர்களுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை, நீலக் கதவுக்கு நேர் முன்னால் நிறுத்தினேன். இறங்கும்போது காது சுட்டது, இதை எழுதும்போதும் சுடுகிறது. வண்டிக் கதவில் ட்ரெவின் அண்ட் சன் என்று நீ பிறந்த வருடம் எழுதியது அப்படியேதான் இருக்கிறது, நீ சுரங்கத்துக்குப் போன பிறகும் அழிக்க மனம் வரவில்லை. ஆகவே ஊரைப் பொறுத்தவரை நீ ஏற்கெனவே அங்கே போயாகிவிட்டது மகனே. இனி நீ மறைக்க ஒன்றும் இல்லை, காரை விட்டு இறங்கினால் போதும்.

நீ நன்றாகத் தூங்கி, பசித்துச் சாப்பிட்டு, படகை மறுபடி தண்ணீரில் இறக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் அதற்குத்தான். ஷேனுக்கு என் நன்றியைச் சொல், ஜாமில் ஒரு பாட்டில் அவனுக்கு. ஞாயிறு மறந்துவிடாதே, அம்மாகிட்ட குடுங்கப்பா என்று போனைத் தள்ளிவிடாதே, அம்மா அந்த நேரம் தோட்டத்தில் இருப்பாள், நான்தான் அவளை அங்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நெவில் ட்ரெவின்