இடது பக்கம் இழுக்கும் வண்டி

5-11-2001

மழை விட்டபாடில்லை. வீட்டுப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய் கட்டி, பிக்கப்பின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி நாலு நாள் ஆகிறது. சக்கரத்தைக் கழற்றியதோடு சரி. முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் கிங்பின் வர மறுக்கிறது. பன்னிரண்டு வருஷம் புதுப்பட்டினத்துக் கடற்காற்றைக் குடித்த இரும்பு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து அடித்தேன். நசுங்கியது என் கட்டைவிரல்தான்.

மார்கரெட் வந்து நின்று பார்த்தாள். "படாளத்துக்கு ஒரு போன் போட்டா ஆவாதா?" என்றாள்.

படாளம் என்றால் கலைவாணன். என் தங்கை ஹெலனின் புருஷன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். ஜூனில் இந்த வண்டிக்கு ஸ்டீரிங் வேலை பார்த்தவனும் அவன்தான். ஆகஸ்டில் திருக்கழுக்குன்றம் வளைவில் பிரேக் போட்டதும் வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த மார்கரெட்டுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவளே அவன் பெயரை எடுக்கிறாள்.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன் நான். பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் பிட்டராக இருந்தவன். ஒரு பிக்கப்பின் முன்பக்கத்தைப் பிரித்துப் பூட்டத் தெரியாதா?

8-11-2001

கிங்பின் வந்தது. இடது மட்டும்.

12-11-2001

செங்கல்பட்டு லேத்தில் கிங்பின் நுழையும் புஷ் கடைந்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பின்னை விட்டால் பாதியில் நிற்கிறது. துளை பத்தவில்லை. இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து திரும்பப் போனால், லேத்துக்காரர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டாராம். ஷட்டரை வெறித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் பெட்டி ஏற்றும் ஐஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனான். வண்டி எப்போது? எனக்கு மட்டும் தெரியுமா?

20-11-2001

டவுன்ஷிப்பிலிருந்து சியாமளா டீச்சர் வந்து, மார்கரெட்டிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். கை குணமாகட்டும், அப்புறம் தருகிறேன் என்றார். மார்கரெட் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு ஒரு பழைய துணியை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்து வெட்டிப் பார்த்தாள். நேராகப் போகவில்லை. மணிக்கட்டு அவ்வளவுதான் திரும்புகிறது.

கலைவாணன் இதை வந்து பார்க்கவேண்டும். அவன் வேலையில்தான் கோளாறு என்று நான் ஊரெல்லாம் சொன்னதில் என்ன தப்பு? மூன்று மாதமாக இங்கிருந்து ஒரு வண்டியும் அவன் ஷெட்டுக்குப் போவதில்லை. போகவேண்டாம்.

24-11-2001

எல்லாம் புதுசு. இரண்டு பக்கக் கிங்பின், புஷ், டை ராடு முனைகள், பேரிங். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் ஏற்றி, ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை இறுக்கினேன். சதுரங்கப்பட்டினம் ரோட்டில் எடுத்துப் போனேன்.

இடது பக்கம் இழுக்கிறது.

அதே இழுப்பு. ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தால் பத்து கஜத்தில் மண்ணில் இறங்குகிறது. ஓரமாக நிறுத்தி ஸ்டீரிங்கை ஓங்கிக் குத்தினேன். ரோட்டில் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

29-11-2001

நூல் பிடித்து முன்சக்கரங்களைச் சரிபார்த்தேன். இம்மி பிசகவில்லை. ஸ்டீரிங் பாக்ஸையும் பிரித்தேன். உள்ளே கலைவாணன் போட்ட பேரிங் புதுசு போல இருக்கிறது. ஆட்டம் கொஞ்சமும் இல்லை. குறை கண்டுபிடிக்க வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

2-12-2001

கோயிலுக்குப் போகவில்லை. மார்கரெட் மட்டும் போனாள். நான் வண்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதைத்தான் விட்டேன்? சக்கரத்திலிருந்து ஸ்டீரிங் வரை எல்லாம் பிரித்தாயிற்று. பிரிக்காதது, ஆக்சில்மேல் சுமையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைதான். அது நானே மே மாதம் ஏற்றியது. ஐஸ் பெட்டி கூடுதலாக ஏற்றலாம் என்று பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தேன். நான் பூட்டியதை நான் ஏன் பிரிக்கவேண்டும்?

3-12-2001

சக்கரத்தின் நடு ஹப்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே டேப் பிடித்தேன். வலது பக்கத்தைவிட இடது பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைவு. மூன்று முறை அளந்தேன். ஆக்சில் இடது பக்கம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பக்கம் ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டைத் தளர்த்தினேன். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது.

கம்பெனி போல்ட் இல்லை. சேர்த்த பட்டைக்கு நீளம் பத்தாமல் ஹார்டுவேர் கடையில் நான் வாங்கிப் போட்டது. கிரில் கேட்டுக்குப் போடுகிற மாதிரி போல்ட். உடைந்த முகத்தில் பாதி வழவழப்பாகத் தேய்ந்து கறுத்திருக்கிறது. மீதிப் பாதி சொரசொரப்பு. மரத்தில் மோதி உடைந்திருந்தால் முகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். இது பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கடைசியில் அந்த வளைவில் பிரேக் போட்டபோது போயிருக்கிறது. பிட்டருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூனில் கலைவாணன் கேட்டான். "பட்டைய யாரு ஏத்தனது மச்சான்? ஒருவாட்டி எறக்கிப் பாத்துடலாமா?" என் வேலையை நீ பார்க்கவேண்டாம், சொன்னதைச் செய் என்றேன். ஷெட்டில் நாலு பேர் முன்னால்.

4-12-2001

சரியான போல்ட் வாங்கிப் போட்டேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது.

யாரிடமும் சொல்லவில்லை.

8-12-2001

முதல் லோடு. ஐஸ் கம்பெனியில் உலகநாதன் சுற்றி வந்து பார்த்தார். பெட்டி யாருக்கு என்று முடிவு செய்பவர் அவர். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தப் படாளத்தான் கெடுத்தத இவரே சரி பண்ணிட்டாரு பாரு." வேன் ஓட்டுகிற ராஜேந்திரன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

9-12-2001

போல்ட் துண்டுகளை எடுத்துத் திரும்பவும் பார்த்தேன்.

12-12-2001

மார்கரெட்டிடம் சொன்னேன். போல்ட் துண்டுகளை மேஜைமேல் வைத்தேன். அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். வைவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்குக் காலைலயே சொன்னேன், வண்டி ஒருபக்கமா போவுதுன்னு. ரோடு சரியில்லன்ன."

ஆமாம். சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அவன் பொழப்பக் கெடுத்துட்டு எங்கிட்ட சொன்னா ஆச்சா?"

எழுந்து உள்ளே போனாள். இதை எழுதும்வரை என்னோடு பேசவில்லை.

15-12-2001

படாளம் போனேன். ஷெட்டில் ஒரே ஒரு டிராக்டர் நின்றது. முன்பு ரோடு வரை வண்டி நிற்கும்.

கலைவாணன் துண்டுகளை வாங்கி, உடைந்த முகத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்னுது என்றேன். அவ்வளவுதான்.

"எனுக்கு இன்னாத்துக்கு சொல்ற? எனுக்குத் தெரியும், என் வேல இன்னான்னு. புதுப்பட்டினத்துல யாராண்ட சொன்னியோ அவங்களாண்ட சொல்லு."

துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிராக்டருக்கு அடியில் போய்விட்டான். ஹெலன் உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை.

17-12-2001

காலையில் ஐஸ் கம்பெனியில் எல்லாரும் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னேன். போல்ட்டைக் கையில் கொடுத்தேன், ஆளுக்கு ஆள் மாறிப் போனது. கலைவாணன் வேலையில் பழுது இல்லை, பழுது என்னுடையது என்று இரண்டு முறை சொன்னேன். முதல்முறை சத்தத்தில் கேட்கவில்லை.

உலகநாதன் என் வண்டியில் ஏற்றியிருந்த பெட்டிகளைப் பாதி இறக்கி ராஜேந்திரன் வேனில் ஏற்றச் சொன்னார். "தப்பா நெனைக்காத சாலமோன். கொஞ்ச நாளு ஓடட்டும்" என்றார். எப்படித் தப்பாக நினைக்க முடியும்?

25-12-2001

பண்டிகை. நானும் மார்கரெட்டும் மட்டும். பூசை முடிந்து திரும்பும்போது பேசினாள். ஹெலனுக்குக் கேக் அனுப்பவேண்டும் என்றாள்.

30-12-2001

ராஜேந்திரன் வேனுக்கு கிளட்ச் வேலை. படாளத்தில் விட்டிருக்கிறானாம்.

6-1-2002

அச்சரப்பாக்கத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மாலை படாளத்தில் நிறுத்தினேன். கேக் கொடுக்கத்தான். கெட்டுப்போயிருக்காது, மார்கரெட் புதிதாகச் செய்தது. அவள் இடது கையால் கலக்கியது என்று ஹெலனிடம் சொன்னேன். ஹெலன் அழுதுவிட்டு உள்ளே எடுத்துப் போனாள்.

கலைவாணன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். சுற்றி வந்தான். கேட்காமலேயே முன்பக்கத்துக்கு அடியில் போய்ப் படுத்தான்.

"புதுசா இறுக்கன யூ போல்ட்டு. லோடு அடிச்சப்பறம் திரும்ப ஒருவாட்டி முறுக்கணும். முறுக்கினியா?"

இல்லை என்றேன்.

"ஒண்ணும் தெரியல உள்ள. டார்ச்ச எடுத்துகினு வா."

எடுத்துக்கொண்டு போய் மண்டியிட்டேன். அவன் ஸ்பானரைப் போட்டு ஒவ்வொன்றாக முறுக்கினான். நாலு நட்டில் மூன்று தளர்ந்திருந்தன, இன்னும் சுற்றின. அவன் கை போகிற பக்கமெல்லாம் நான் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.