ஹென்றி என்று ஓர் அலகு

என் உயிர்ச் சிநேகிதன் ஹென்றிக்கு,

மாப்ள, எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நாளைக் காலையில் உன் மகள் ஸ்டெல்லாவைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கக் கூட்டிப்போகிறேன். எலக்ட்ரிகல் டிப்ளமோ. என்னடா இவன், வேறு படிப்பே கிடைக்கவில்லையா என்று கேட்கிறாயா?

நம் பி.யு.சி. வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? கம்பிச்சுருளின் மின்தூண்டலை அளக்கிற அலகுக்கு ஹென்றி என்று பெயர், அது ஓர் அமெரிக்க விஞ்ஞானியின் பெயர் என்று வாத்தியார் சொன்னதும், நீ எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாய். வாத்தியாரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து உனக்கு 'யூனிட்டு' என்று பட்டப்பெயர். அப்புறம் நீ மின்சார வேலைக்குப் போனாய். நான் திருநகரில் பௌதிக வாத்தியார் ஆனேன். நீ எங்களை விட்டுப் போன பிறகு அந்தப் பாடம் வரும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேனே தவிர, வாயால் சொன்னதில்லை.

உன் வீட்டில் இன்னும் மோசம். ரோசம்மா உன் பெயர் காதில் விழுவதையே தாங்கமாட்டாள். வானம் இருட்டினாலே மெயினை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தியை எடுத்துவிடுவாள். அப்பா விபத்தில் போய்விட்டார், அப்போது நான் பக்கத்தில் நின்றேன் என்பதற்கு மேல் பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

பிளஸ் டூ பரீட்சை நெருங்கியிருந்த ஒரு சாயங்காலம் நான் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரோசம்மா அடுப்படியில் இருந்தாள். உள்ளே ஸ்டெல்லா சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "மின்னோட்டம் ஒரு நொடிக்கு ஓர் ஆம்பியர் வீதம் மாறும்போது ஒரு வோல்ட் தூண்டப்பட்டால், அது ஒரு ஹென்றி. ஒரு ஹென்றி. ஒரு ஹென்றி."

ரோசம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"அந்தப் பேரச் சொல்லாத பாப்பா!"

"அது பாடம்மா."

"பாடம்னா மனசுக்குள்ள படி!"

ஸ்டெல்லா நேராக என்னிடம் வந்தாள். "மாமா, அன்னிக்கு நீங்க பக்கத்துலதான நின்னீங்க? எங்கப்பா எப்படிச் செத்தாரு?"

ரோசம்மா வாசலுக்குப் போய்விட்டாள். சொன்னேன், மாப்ள. வாடிப்பட்டிக்கு மேற்கே வயலுக்கு நடுவில் இருந்த அந்தக் கம்பத்தைச் சொன்னேன். காற்றில் அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட நீ ஏறினாய். உன்னைப் பார்க்க வந்த நான் வரப்பில் நின்றேன். டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கியாகிவிட்டது, கம்பியில் கரண்டு இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு மில்லில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதிலிருந்து கரண்டு பின்பக்கமாக லைனுக்குள் ஏறிவிட்டது. நீ "மாப்ள" என்று பாதி கூப்பிட்டாய். கம்பத்தைத் தொட ஓடிய என்னை யாரோ பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். ஈரமண் வழியாக வந்த கரண்டு என் உள்ளங்காலில் ஊர்ந்தது. இன்றைக்கும் மழைத்தண்ணீரில் கால் வைத்தால் அது ஊர்கிறது.

ஸ்டெல்லா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கம்பிய எர்த் பண்ணாமயா மாமா ஏறினாரு?"

கம்பியைப் பூமியோடு இணைத்துவிட்டு ஏறியிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்த கரண்டும் மண்ணுக்குள் போயிருக்கும். 'மழை திரும்ப வருது மாப்ள, வெரசா முடிச்சிட்டு இறங்கிர்றேன்' என்றுதானே நீ ஏறினாய்? அதைப் பிள்ளையிடம் சொல்லலாமா, கூடாதா? ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப கரண்டு பேயில்ல மாமா. தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்" என்றாள்.

ரிசல்ட் வந்ததும் எலக்ட்ரிகல்தான் என்று நின்றுவிட்டாள். ரோசம்மா என் வீட்டுக்கே வந்து அழுதாள். "அண்ணே, எம்புட்டோ படிப்பு இருக்கு. அவுகளத் தின்ன கரண்டுதான் இவளுக்கும் கெடச்சுதா? நீங்க சொன்னாக் கேப்பாண்ணே."

சொல்லத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் உன் வீட்டில் ஸ்டெல்லா ஒரு பழைய ஸ்விட்சைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுகளை அவள் பார்த்த பார்வையில் துளிப் பயம் இல்லை. பயமெல்லாம் எங்கள் இருவருடையது. அதை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நேற்று ரோசம்மா மகளின் தாவணியை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. "கூடவே போயிட்டு, கூடவே கூட்டியாந்துருங்கண்ணே" என்றாள்.

நான் செய்வது சரியா, மாப்ள? சொல்லேன். பயம் போகவில்லை, பயத்தோடுதான் கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். அவள் படித்து முடித்து எந்தக் கம்பியில் கை வைக்கப் போனாலும், "எர்த் பண்ணியா தாயி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். சலித்துக்கொள்ளட்டும், சிரிக்கட்டும், கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று திட்டட்டும். "பண்ணிட்டேன் மாமா" என்று அவள் வாயால் சொல்லும்வரை விடமாட்டேன்.

உன் மாப்ள,
உன் மகளுக்குத் தாய்மாமன் இடத்தில் நிற்கிற
ராசு